ஒரே உறையில் இரண்டு வாள்

வாசகர் கேள்வி–பதில்: பந்தய அணிகளுக்குள் போட்டியும் பாரபட்சமும்

இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே புள்ளியைச் சுற்றியே இருந்தன. ஃபார்முலா ஒன் அணி ஒன்றில் இரண்டு பேர் ஓட்டுகிறார்கள். அந்த இருவரையும் அணி உண்மையிலேயே சமமாக நடத்துகிறதா? ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்து, தேர்ந்தெடுத்தவற்றுக்கு இங்கே பதில் தந்திருக்கிறோம்.

கே: ஒரே அணி, ஒரே முதலாளி, ஒரே கார். அப்புறம் ஏன் இந்த இருவரும் ஜென்மப் பகை மாதிரி முட்டிக்கொள்கிறார்கள்?

ப: அந்த 'ஒரே கார்'தான் காரணம். வேறு அணிக்காரரிடம் தோற்றால் "அவன் கார் வேகம்" என்று சொல்லிக்கொள்ளலாம். பக்கத்து கராஜில் இருப்பவரிடம் தோற்றால் சாக்குச் சொல்ல எதுவும் இல்லை. ஓட்டுநரின் சந்தை மதிப்பை எல்லா அணிகளும் முதலில் அளப்பது சக ஓட்டுநரை வைத்துத்தான். அடுத்த ஒப்பந்தம், சம்பளம், சில சமயம் வேலையே அந்த ஒப்பீட்டில் தொங்குகிறது.

இன்னொரு பக்கம், புள்ளிக் கணக்கு. முதலிடத்துக்கு 25, இரண்டாமிடத்துக்கு 18. அணி முதல் இரண்டு இடங்களையும் பிடித்தால் அணிப் பட்டியலில் 43. யார் முன்னால், யார் பின்னால் என்பது அந்த 43-ஐ மாற்றாது. பரிசுப் பணம் பிரிக்கப்படுவது அணிப் பட்டியல்படி. ஆகவே முதலாளிக்கு இடமாற்றம் இலவசம். ஓட்டுநருக்கு அப்படி அல்ல: இருவரும் இடம் மாறினால் ஒருவருக்கு 7 கூடுகிறது, மற்றவருக்கு 7 குறைகிறது, இருவருக்கும் இடையிலான இடைவெளி 14 நகர்ந்துவிடுகிறது. அணிக்கு ஒன்றும் ஆகாத இடத்தில் ஓட்டுநருக்கு ஓர் ஆண்டின் உலகச் சாம்பியன் பட்டமே போகலாம். மீதிச் சண்டையெல்லாம் இங்கிருந்து பிறப்பதுதான்.

முட்டிக்கொண்டால் மட்டும் முதலாளிக்கும் வலிக்கும். 2010 துருக்கியில் ரெட் புல் அணியின் வெப்பரும் வெட்டலும் முதல் இரண்டு இடங்களில் ஓடிக்கொண்டிருந்தபோது மோதினார்கள். வெட்டல் வெளியே, வெப்பர் மூன்றாமிடம். 43 வரவேண்டிய இடத்தில் 15. 2016 ஸ்பெயினில் ஹாமில்டனும் ராஸ்பெர்க்கும் முதல் லாப்பிலேயே (சுற்றிலேயே) ஒருவரையொருவர் வெளியே தள்ளிக்கொண்டார்கள், மெர்சிடிஸுக்குப் பூஜ்யம். அன்று ஜெயித்தவர் 18 வயது வெர்ஸ்டாப்பன், ரெட் புல்லுக்காக அவர் ஓட்டிய முதல் பந்தயம்.

கே: "அவனுக்கு வழிவிடு" என்று அணி உத்தரவு போடுவது விதிப்படி சரியா?

ப: இன்று சரி. இடையில் எட்டு ஆண்டுகள் தப்பு.

பழைய காலத்தில் இது மரியாதைக்குரிய வழக்கமாகவே இருந்தது. 1956 மோன்சாவில் பீட்டர் காலின்ஸ் தன் காரையே நிறுத்தி ஃபாஞ்சியோவிடம் கொடுத்தார். அன்று ஓட்டுநர்கள் காரைப் பகிர அனுமதி இருந்தது. காலின்ஸுக்கே பட்ட வாய்ப்பு இருந்தும் கொடுத்தார். பட்டம் ஃபாஞ்சியோவுக்குப் போனது.

நிலைமையைக் கெடுத்தது 2002 ஆஸ்திரியா. கிட்டத்தட்ட முழுப் பந்தயத்திலும் முன்னால் இருந்த ஃபெராரியின் பாரிசெல்லோ, கடைசி லாப்பின் முடிவில் கோட்டுக்குச் சற்று முன்னால் வேகம் குறைத்து சக ஓட்டுநர் ஷூமாக்கருக்கு வழிவிட்டார். இடைவெளி 0.182 விநாடி. அது 17 பந்தயங்களில் ஆறாவதுதான். ஷூமாக்கர் அந்த ஆண்டு பட்டத்தை 11-வது பந்தயத்திலேயே முடித்து, கடைசியில் 67 புள்ளி வித்தியாசத்தில் நின்றார். கிடைத்தது 4 கூடுதல் புள்ளி. எரிந்தது அணியின் பெயர். இதில் ஒரு வேடிக்கை உண்டு: பந்தயத்தை நிர்வகிக்கும் எஃப்.ஐ.ஏ. விதித்த 10 லட்சம் டாலர் அபராதம், அதில் பாதி நிறுத்திவைக்கப்பட்டது, வழிவிட்டதற்காக அல்ல. வெட்கப்பட்ட ஷூமாக்கர் பாரிசெல்லோவைப் பரிசு மேடையின் உச்சிப் படியில் ஏற்றினார் அல்லவா, அந்த மேடை ஒழுங்கை மீறியதற்காக. வழிவிடுவதைத் தடுக்க அன்று விதியே இல்லை.

2003 முதல் தடை வந்தது. பலன்? உத்தரவு நிற்கவில்லை, குறியீடாக மாறியது. 2010 ஹாக்கன்ஹைமில் ஃபெராரி ஓட்டுநர் மாசாவிடம் அவரது என்ஜினியர், சக ஓட்டுநர் ஃபெர்னாண்டோ அலோன்சோவைப் பற்றி, "ஃபெர்னாண்டோ உன்னைவிட வேகமாக இருக்கிறார். புரிந்ததா, உறுதிசெய்" என்றார். மாசா வழிவிட்டார். ஃபெராரிக்கு 1 லட்சம் டாலர் அபராதம். ஆனால் முடிவு மாறவில்லை. அமல்படுத்த முடியாத விதியை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று 2011 முதல் தடையை எடுத்துவிட்டார்கள். எடுத்தது சரியென்றே நினைக்கிறோம். பார்வையாளருக்குப் பொய் சொல்லும் உத்தரவைவிட வெளிப்படையான உத்தரவு மேல். விளையாட்டின் பெயரைக் கெடுக்கும் செயலுக்கு எதிரான பொது விதி மட்டும் இன்னும் இருக்கிறது.

ஒரு பின்குறிப்பு: ஹாக்கன்ஹைமில் அத்தனை கெட்ட பெயர் வாங்கி எடுத்த 7 புள்ளிகளும் அலோன்சோவுக்குப் போதவில்லை. அந்த ஆண்டு வெட்டலிடம் 4 புள்ளியில் பட்டத்தை இழந்தார்.

கே: ரேடியோவில் ஒரு வார்த்தை சொல்லாமலேயே ஒருவருக்குச் சாதகம் செய்ய முடியுமா?

ப: தாராளமாக. ரேடியோவில் கேட்பது கடைசிக் கட்டம். அதற்குள் சாதகம் பல இடங்களில் நடந்து முடிந்திருக்கும். ஒரு கண்ணில் வெண்ணெய், மறு கண்ணில் சுண்ணாம்பு வைப்பது எங்கெல்லாம் நடக்கலாம் என்று பார்ப்போம்.

முதலில் பிட் வரிசை, அதாவது டயர் மாற்ற யாரை முதலில் உள்ளே அழைப்பது என்பது. இதுதான் மிகப் பெரிய ஆயுதம். தேய்ந்த டயரைவிடப் புது டயர் லாப்புக்கு ஒன்று முதல் இரண்டு விநாடி வேகம் தரும் என்று வையுங்கள். இரண்டு கார்களும் 1.5 விநாடி இடைவெளியில் ஓடுகின்றன. பின்னால் இருப்பவரை ஒரு லாப் முன்னதாக உள்ளே அழைத்தால், முன்னால் இருப்பவர் பழைய டயரில் ஒரு லாப் கூடுதலாக ஓடிவிட்டு வருவதற்குள் இடம் மாறியிருக்கும். இதைத்தான் அண்டர்கட் என்கிறார்கள். ஆகவே பெரும்பாலான அணிகளின் எழுதாத சட்டம்: முன்னால் இருப்பவருக்கே முதலில் உள்ளே வரும் உரிமை. அந்த வரிசை மாறினால் ஏதோ காரணம் இருக்கிறது என்று பொருள். காரணம் நல்லதாகவும் இருக்கலாம்; அதைப் பற்றி அடுத்த கேள்வியில்.

இதை அணிகள் ஆயுதமாகவே எடுத்ததும் உண்டு. 2019 சோச்சியில் ஃபெராரி ஒரு திட்டம் போட்டது: மூன்றாவது இடத்தில் கிளம்பும் வெட்டல், முதலில் கிளம்பும் லெக்லெர்க்கின் காற்று நிழலில் (முன்காருக்குப் பின்னே காற்றுத் தடை குறையும் இடத்தில்) மெர்சிடிஸின் ஹாமில்டனைத் தாண்டுவது, அப்படியே முன்னே போய்விட்டால் இடத்தைத் திருப்பித் தருவது. வெட்டல் முன்னே போனார். திருப்பித் தரவில்லை. அணி வாதாடிக்கொண்டிருக்கவில்லை. லெக்லெர்க்கை முதலில் பிட்டுக்கு அழைத்தது, வெட்டலைப் பழைய டயரில் வெளியே விட்டது. இடம் தானாக மாறியது. பிறகு வெட்டலின் கார் பழுதாகி ஓரங்கட்ட, அதனால் வந்த, எல்லோரும் வேகம் குறைத்து ஓடவேண்டிய மெய்நிகர் பாதுகாப்புக் கார் நேரத்தில் மெர்சிடிஸ் மலிவாக டயர் மாற்றிக்கொண்டு ஜெயித்தது தனிக் கதை.

அடுத்தது, இரண்டு கார்களையும் ஒரே லாப்பில் உள்ளே அழைப்பது. ஒரு கார் நிற்கும் நேரம் இரண்டு, இரண்டரை விநாடிதான். ஆனால் முதல் கார் கிளம்பி, ஜாக்கும் ஆட்களும் மறுபடி தயாராக நேரம் வேண்டும். இரண்டு கார்களுக்கும் நடுவே ஐந்து விநாடியாவது இல்லையென்றால் பின்னால் வருபவர் முதல் காருக்குப் பின்னே காத்திருக்கவேண்டும். பாதுகாப்புக் கார் வந்த அவசரத்தில் எப்போதும் இழப்பது இரண்டாமவர்.

தொடக்க வரிசையைத் தீர்மானிக்கும் தகுதிச் சுற்றில் யார் முன்னே போவது என்பதும் அற்ப விஷயம் அல்ல. நீண்ட நேர்பாதை உள்ள களத்தில் முன்னே செல்பவரின் காற்று நிழல் பின்னால் வருபவருக்குச் சில பத்தில் ஒரு பங்கு விநாடிகளைத் தரும். 2019 மோன்சாவில் ஃபெராரி ஓட்டுநர்கள் மாறி மாறி இழுத்துக்கொடுப்பதாக ஏற்பாடு. முதல் முயற்சியில் லெக்லெர்க்குக்குக் கிடைத்தது. இரண்டாவது முயற்சியில் எல்லா அணிகளும் "நீ முன்னே போ" என்று ஊர்ந்து, பெரும்பாலானோர் நேரம் முடிவதற்குள் கோட்டையே தாண்டவில்லை. வெட்டலின் முறை வரவே இல்லை. லெக்லெர்க் முதலிடம், வெட்டல் நான்காமிடம்.

பிறகு உதிரிப் பாகங்கள். புது முன் இறக்கை ஒன்றே ஒன்று தயாராகியிருந்தால் அது யாருக்கு? 2010 சில்வர்ஸ்டோனில் புது வடிவ இறக்கை இரண்டு இருந்தன. கடைசிப் பயிற்சியில் வெட்டலுடையது கழன்று சேதமானது. அணி வெப்பரின் காரிலிருந்து கழற்றி வெட்டலுக்கு மாட்டியது. புள்ளிப் பட்டியலில் அவர்தான் முன்னால் என்பது விளக்கம். மறுநாள் முதல் திருப்பத்திலேயே வெப்பர் முந்தி, ஜெயித்து, "இரண்டாம் நம்பர் ஓட்டுநருக்கு இது மோசமில்லை" என்று ரேடியோவில் குத்தினார். இதுபோன்ற தகராறு வராதிருக்க ஒரே வழி, பாகம் வருவதற்கு முன்பே விதியைச் சொல்லிவிடுவது: ஒன்று மட்டும் இருந்தால் புள்ளியில் முன்னால் இருப்பவருக்கு, அல்லது இருவருக்கும் மாறி மாறி, அல்லது இரண்டு வரும்வரை ஒருவருக்கும் இல்லை.

கண்ணில் படாத சாதகம் கார் வடிவமைப்பில். ஒருவருக்கு முன்பக்கம் கூர்மையாகத் திரும்பி, பின்பக்கம் தளர்ந்த கார் பிடிக்கும். மற்றவருக்கு பின்பக்கம் உறுதியாக ஒட்டிக்கொள்ள வேண்டும். பொறியாளர்கள் வேகமானவரின் குறிப்புகளை வைத்து அடுத்த பாகத்தை வரைவார்கள். பாகம் கடிகாரத்தில் வேகமாகத்தான் இருக்கும். ஆனால் இரண்டாமவர் அதில் இன்னும் பின்தங்குவார். அவர் குறிப்புகளுக்கு மதிப்பு இன்னும் குறையும். இங்கே யாரும் யாருக்கும் துரோகம் செய்யவில்லை. ஆனாலும் ஆண்டு முடிவில் ஒருவருக்காகச் செய்த கார்தான் கராஜில் நிற்கும்.

கே: 2024 ஹங்கேரியில் நாரிஸ் ஜெயிக்கவிருந்த பந்தயத்தை பியாஸ்ட்ரிக்கு விட்டுக்கொடுத்தார். 2025 மோன்சாவில் பியாஸ்ட்ரி நாரிஸுக்கு விட்டுக்கொடுத்தார். மெக்லாரன் செய்தது நியாயமா, குழப்பமா?

ப: முதலாவது நியாயம். இரண்டாவதில் எங்களுக்கு உடன்பாடு இல்லை.

ஹங்கேரியில் பியாஸ்ட்ரி முன்னால், நாரிஸ் இரண்டாமிடம். பின்னாலிருந்த ஹாமில்டன் முன்னதாக டயர் மாற்றிவிட்டதால், அவரிடமிருந்து நாரிஸைக் காக்க 45-வது லாப்பில் நாரிஸை முதலில் அழைத்தார்கள். பியாஸ்ட்ரி வந்தது 47-ல். அண்டர்கட் வேலை செய்து நாரிஸ் முன்னே வந்துவிட்டார். அந்த முன்னிலையை அவருக்குத் தந்தது அணியின் வரிசை. அணி கொடுத்ததை அணி திருப்பிக் கேட்டது. 70 லாப் பந்தயத்தின் 68-வது லாப்பில் நாரிஸ் கொடுத்தார். பிழை வேறிடத்தில்: பிட்டுக்கு அழைக்கும் முன்பே "இடத்தைத் திருப்பித் தரவேண்டும்" என்று ஒப்புதல் வாங்கியிருந்தால் இருபது லாப் ரேடியோ கெஞ்சல் தேவைப்பட்டிருக்காது. அதைவிட எளிது, பியாஸ்ட்ரியை முதலில் அழைத்திருக்கலாம்.

மோன்சாவில் நாரிஸ் இரண்டாமிடம், பியாஸ்ட்ரி மூன்றாமிடம். இம்முறையும் பின்னால் இருந்தவரை, அதாவது பியாஸ்ட்ரியை, முதலில் அழைத்தார்கள். அது மட்டும் காரணமாக இடம் மாறியிருந்தால் ஹங்கேரி நியாயமே பொருந்தும். ஆனால் நாரிஸின் பிட்டில் முன் சக்கரம் ஒன்று மாட்டுவதில் தாமதமாகி ஆறு விநாடிக்கு அருகில் நின்றுவிட்டார். மெதுவான பிட் என்பது பஞ்சர் மாதிரி பந்தயத்தின் ஒரு பகுதி. அதற்கு ஈடு கொடுக்க ஆரம்பித்தால் எங்கே நிறுத்துவது? பியாஸ்ட்ரியும் ரேடியோவில் அதையேதான் கேட்டார். கேட்டுவிட்டு வழிவிட்டார்.

அந்த ஆண்டு முடிவு: நாரிஸ் 423, வெர்ஸ்டாப்பன் 421, பியாஸ்ட்ரி 410. மோன்சா இடமாற்றம் நாரிஸுக்குத் தந்தது 3 புள்ளி. பட்ட வித்தியாசம் 2. "அப்படியானால் அந்தப் பட்டம் மோன்சாவில் வாங்கியது" என்று பலர் எழுதியிருக்கிறீர்கள். அவசரப்படவேண்டாம். கடைசிப் பந்தயமான அபுதாபியில் நாரிஸுக்கு மூன்றாமிடம் போதும் என்பதால் மூன்றாமிடத்தில் ஓட்டினார். அவருக்கு நேர் முன்னே இரண்டாமிடத்தில் இருந்தவர் பியாஸ்ட்ரி. 3 புள்ளி தேவைப்பட்டிருந்தால் அணி அன்று என்ன கேட்டிருக்கும் என்று சொல்லவேண்டியதில்லை.

கே: காரின் மேல் உள்ள கேமரா ஒன்றில் கறுப்பு, மற்றதில் மஞ்சள். மஞ்சள்தான் இரண்டாம் நம்பர் ஓட்டுநரா?

ப: இல்லை. தூரத்திலிருந்து இரண்டு கார்களையும் பிரித்தறிய அந்த நிறம். எந்தக் காருக்கு எது என்பது அணி பதிவு செய்யும் வரிசை. அதில் அந்தஸ்து எதையும் தேடவேண்டாம்.

கே: 1988-ல் பிராஸ்ட் அதிகப் புள்ளி எடுத்தும் பட்டம் செனாவுக்குப் போனதாமே? மெக்லாரன் செய்த சதியா?

ப: சதி இல்லை, அன்றைய விதி. மொத்தம் 16 பந்தயங்கள். ஒவ்வொருவரின் சிறந்த 11 முடிவுகள் மட்டுமே கணக்கு. பிராஸ்ட் மொத்தம் எடுத்தது 105, செனா 94. ஆனால் பிராஸ்ட் ஜெயிக்காத நாட்களில் பெரும்பாலும் இரண்டாமிடம் வந்திருந்தார். அந்த இரண்டாமிடங்களில் சிலவற்றைக் கழித்துவிட வேண்டியதாயிற்று. கழித்த பிறகு செனா 90, பிராஸ்ட் 87. வெற்றிகள் செனாவுக்கு 8, பிராஸ்டுக்கு 7. இருவரும் சேர்ந்து 16-ல் 15.

உறவு முறிந்தது அடுத்த ஆண்டு இமோலாவில். கிளம்பும்போது யார் முந்துகிறாரோ, முதல் முந்தும் திருப்பம்வரை மற்றவர் தாக்கக்கூடாது என்று உடன்பாடு. பெர்கரின் விபத்துக்குப் பிறகு பந்தயம் மறுபடி தொடங்கியபோது பிராஸ்ட் முந்தினார். அந்தத் திருப்பமான டோசாவிலேயே செனா தாண்டினார். மறுதொடக்கத்துக்கு உடன்பாடு பொருந்தாது என்பது செனா தரப்பு. வாய்வார்த்தை ஒப்பந்தத்தின் சங்கடமே இதுதான்: விளிம்பில் என்ன நடக்கும் என்று யாரும் பேசியிருக்க மாட்டார்கள். அதே இமோலாவில் 1982-ல் ஃபெராரி காட்டிய 'மெதுவாக' பலகையை வில்நெவ் "இடத்தைக் காத்துக்கொள்ளுங்கள்" என்று படித்தார், பிரோனி "காரைப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று படித்தார். பிரோனி தாண்டி ஜெயித்தார். இனி அவரிடம் பேசுவதில்லை என்றார் வில்நெவ். அடுத்த பந்தயமான ஜோல்டரின் தகுதிச் சுற்றில் விபத்தில் இறந்தார்.

கே: 2007 ஹங்கேரியில் அலோன்சோ பிட்டில் வேண்டுமென்றே நின்றாரா? அங்கே நடந்தது என்ன?

ப: இதைப் புரிந்துகொள்ள அன்றைய எரிபொருள் விதி தெரியவேண்டும். கடைசித் தகுதிச் சுற்றை, மறுநாள் பந்தயம் தொடங்கும் எரிபொருளோடு ஓட்டவேண்டும். அதில் ஓடும் ஒவ்வொரு லாப்புக்கும் எரிபொருள் பிறகு திருப்பித் தரப்படும். ஆகவே எல்லோரும் தொடக்கத்தில் வெறுமனே சுற்றி எரிபொருளை எரிப்பார்கள். ஒரு லாப் கூடுதலாக எரித்தவரின் கார் கடைசி முயற்சியில் லேசாக இருக்கும். மெக்லாரனில் அந்தக் கூடுதல் லாப்பை இருவருக்கும் மாறி மாறிக் கொடுத்தார்கள். ஹங்கேரியில் அலோன்சோவின் முறை.

அதற்கு ஹாமில்டன் அவரை முன்னே விடவேண்டும். விடவில்லை. கடைசி டயர் மாற்றத்தில் அலோன்சோ முன்னால், ஹாமில்டன் பின்னால் காத்திருந்தார். கிளம்பலாம் என்று காட்டிய பிறகும் அலோன்சோ சுமார் 10 விநாடி நின்றார். அலோன்சோ தன் லாப்பைத் தொடங்கிவிட்டார். ஹாமில்டன் கோட்டுக்கு வருவதற்குள் நேரம் முடிந்தது. நடுவர்கள் அலோன்சோவை ஐந்து இடம் பின்னுக்குத் தள்ளினார்கள். அந்தப் பந்தயத்தின் அணிப் புள்ளிகளையும் மெக்லாரன் இழந்தது. ஹாமில்டன் ஜெயித்தார். ஆண்டு முடிவில் இருவரும் சரிசமமாக 109. ராய்க்கோனன் 110. இரண்டு பூனைக்கு அப்பம் பங்கிட்ட குரங்கின் கதை ஞாபகம் வந்தால் எங்களைக் குறை சொல்லாதீர்கள்.

கே: சொந்த ஓட்டுநருக்கே அணி கெடுதல் செய்த உதாரணம் உண்டா?

ப: விதிக்கு உட்பட்டது ஒன்று, உட்படாதது ஒன்று.

2012 ஆஸ்டினில் மாசா தகுதிச் சுற்றில் அலோன்சோவைவிட முன்னால். களத்தில் ஒற்றைப்படை இடங்கள் சுத்தமான பக்கம், மற்றது தூசிப் பக்கம். அலோன்சோ எட்டாவது இடத்தில், தூசியில். ஃபெராரி மாசாவின் கியர்பாக்ஸ் முத்திரையை வேண்டுமென்றே உடைத்தது. அதற்குத் தண்டனை ஐந்து இடம் பின்னே. அலோன்சோ ஏழாவதுக்கு, சுத்தமான பக்கத்துக்கு ஏறினார். விதி மீறல் ஏதும் இல்லை. அணியும் இதை ஒளிக்கவில்லை.

2008 சிங்கப்பூர் அப்படியல்ல. 15-வது இடத்தில் கிளம்பிய அலோன்சோவை ரெனோ வெகு சீக்கிரமே பிட்டுக்கு அழைத்தது. சற்று நேரத்தில் சக ஓட்டுநர் நெல்சன் பிக்கே ஜூனியர் சுவரில் மோதினார். பாதுகாப்புக் கார் வந்தது. அன்றைய விதிப்படி பாதுகாப்புக் கார் வந்தவுடன் பிட் பாதை மூடப்படும். ஏற்கெனவே டயரும் எரிபொருளும் மாற்றிவிட்ட அலோன்சோவுக்கு மட்டும் லாபம். அவர் ஜெயித்தார். மோதியது உத்தரவின்பேரில் என்று 2009-ல் பிக்கேயே வெளியிட்டார். இந்தத் திட்டம் அலோன்சோவுக்குத் தெரியும் என்பதற்கு விசாரணையில் ஆதாரம் கிடைக்கவில்லை.

கே: உத்தரவை மீறினால் என்ன ஆகும்?

ப: ஜெயிக்கும் ஓட்டுநர் என்றால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. 2013 மலேசியாவில் 'மல்ட்டி 21' என்ற குறியீடு வந்தது: 2-ம் எண் கார் 1-ம் எண் காருக்கு முன்னால், அதாவது வெப்பர் முன்னே, வெட்டல் பின்னே. வெப்பர் என்ஜினைத் தணித்துவிட்டார்; வெட்டல் தாண்டி ஜெயித்தார். தண்டனை இல்லை. அந்த ஆண்டோடு வெப்பர் ஃபார்முலா ஒன்னை விட்டார். 2022 பிரேசிலில் பட்டத்தை ஏற்கெனவே முடித்திருந்த வெர்ஸ்டாப்பன், ஆறாமிடத்தைச் சக ஓட்டுநர் பெரெஸுக்குத் தர மறுத்தார். ஆண்டின் இரண்டாமிடத்துக்கான போட்டியில் பெரெஸ் 305-ல் முடித்தார், லெக்லெர்க் 308. அந்த 2 புள்ளி கிடைத்திருந்தாலும் எட்டியிருக்காது என்பது வேறு.

ஒழுங்காக நடந்ததையும் சொல்லவேண்டும். 2017 ஹங்கேரியில் மெர்சிடிஸின் போட்டாஸ் தன் இடத்தைச் சக ஓட்டுநர் ஹாமில்டனுக்குக் கொடுத்தார். முன்னாலிருக்கும் ஃபெராரிகளைத் தாண்ட முடியாவிட்டால் திருப்பித் தரவேண்டும் என்பது நிபந்தனை. முடியவில்லை. பட்டப் போட்டியில் இருந்தும் ஹாமில்டன் கடைசித் திருப்பத்தில் திருப்பிக் கொடுத்தார்.

கே: ஒரே காரில் இருவரில் யார் வேகமானவர் என்று வீட்டிலிருந்தே கணக்கிட முடியுமா?

ப: முடியும். புள்ளிப் பட்டியலை மட்டும் நம்பாதீர்கள். 2005-ல் நரேன் கார்த்திகேயனின் 5 புள்ளிகளும், ஆறே கார்கள் ஓடிய இண்டியானாபொலிஸில் நான்காமிடம் வந்து எடுத்தவை. சக ஓட்டுநர் மான்டெய்ரோ அதே பந்தயத்தில் மூன்றாமிடம். அந்த ஒரு நாள் புள்ளிகளை வைத்து ஓர் ஆண்டு வேகத்தை எடைபோட முடியாது.

தகுதிச் சுற்று நேரங்களை எடுங்கள். அது மெதுவானவர்களைக் கழித்துக்கொண்டே மூன்று கட்டமாக நடக்கும்; இருவரும் கலந்துகொண்ட கடைசிக் கட்டத்தை மட்டும் ஒப்பிடுங்கள். ஒருவரின் மூன்றாம் கட்ட நேரத்தை மற்றவரின் இரண்டாம் கட்ட நேரத்தோடு வைத்தால் தவறு. ஓட ஓடக் களத்தில் ரப்பர் படிந்து எல்லோருக்கும் வேகம் கூடும். மழை, சிவப்புக் கொடி, இயந்திரக் கோளாறு, ஒருவருக்கு மட்டும் புதுப் பாகம் கிடைத்த வாரம் ஆகியவற்றை நீக்குங்கள். வித்தியாசத்தை விநாடியில் வைக்காமல் சதவீதமாக்குங்கள். நீண்ட களத்தில் 0.3 விநாடியும் குறுகிய களத்தில் 0.3 விநாடியும் ஒன்றல்ல. கடைசியில் சராசரி எடுக்காதீர்கள், எல்லாவற்றையும் வரிசைப்படுத்தி நடுவில் உள்ளதை எடுங்கள். ஒரே ஒரு சறுக்கல் சராசரியை இழுத்துவிடும், நடு எண்ணை இழுக்காது.

பந்தய வேகத்தை ஒப்பிடுவது இன்னும் சிரமம். 10 கிலோ எரிபொருள் கூடுதலாக இருந்தால் லாப்புக்கு ஏறக்குறைய 0.3 விநாடி போகும். டயர் வகை, டயரின் வயது, முன்னால் கார் இருக்கிறதா என்பதெல்லாம் அதைவிடப் பெரிது. ஒரே டயர், ஒரே வயது, முன்னே மூன்று விநாடிக்குள் யாரும் இல்லாத லாப்களை மட்டும் வைத்துக்கொண்டால் சில பந்தயங்களில் மிஞ்சுவது ஏழெட்டு லாப்தான். அவ்வளவு போதும்.

கே: மோட்டோ ஜிபியில் ஒரே அணிக்குள் நடுவே சுவர் கட்டினார்களாமே?

ப: ஆம், அந்த மோட்டார் சைக்கிள் பந்தயத்தில், 2008-ல் யமஹா அணியில். ரோஸி பிரிட்ஜ்ஸ்டோன் டயர், லோரென்சோ மிஷெலின். டயர் நிறுவனங்களின் ரகசியம் காக்க என்று சுவருக்குக் காரணம் சொன்னார்கள். மறு ஆண்டு எல்லோருக்கும் ஒரே டயர் வந்தது. சுவர் போகவில்லை.

கே: சிறிய கார்ட்டிங் அணி நடத்துகிறோம். இரண்டு பிள்ளைகள், இரண்டு என்ஜின். ஒரு என்ஜின் மற்றதைவிட நன்றாக ஓடுகிறது என்று இரண்டு வீட்டிலும் சந்தேகம். எப்படிச் சமாளிப்பது?

ப: முதலில் சந்தேகத்தைச் சோதித்துப் பாருங்கள். ஒரே காலையில் நான்கு ஓட்டம். முதல் ஓட்டத்தில் அவரவர் என்ஜின், இரண்டாவதிலும் மூன்றாவதிலும் என்ஜினை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள், நான்காவதில் பழையபடி. இப்படி மாற்றினால் களம் சூடாகி வேகம் கூடுவது ஒரு பக்கம் மட்டும் சாயாது. கார்ப்பரேட்டர், எக்ஸாஸ்ட், கிளட்ச் என்ஜினோடு சேர்ந்து போகட்டும். இல்லாவிட்டால் எது காரணம் என்று தெரியாது. இரண்டு கார்ட்டிலும் ஸ்பிராக்கெட் பல் எண்ணிக்கை ஒன்றாக இருக்கவேண்டும். டயர் அழுத்தத்தை ஒரே கேஜால், குளிர்ந்த நிலையில் பாருங்கள். டயர்கள் ஒரே அளவு ஓடியவையாக இருக்கட்டும். பிள்ளையும் கார்ட்டும் சேர்ந்த எடையைச் சமப்படுத்த ஈயக்கட்டி சேருங்கள். எடை வித்தியாசத்தை என்ஜின் வித்தியாசம் என்று தவறாகப் படிப்பதே இங்கே அதிகம்.

ஒவ்வொரு ஓட்டத்திலும் சிறந்த மூன்று லாப்களை எடுங்கள். நேரம் என்ஜினோடு நகர்ந்தால் என்ஜின். பிள்ளையோடேயே இருந்தால் பிள்ளை. இரண்டும் இல்லாமல் தாறுமாறாக இருந்தால் பெரும்பாலும் கார்ப்பரேட்டர் அல்லது டயர்.

என்ஜின்தான் என்று தெரிந்தால், அதை ஒருவருக்கே நிரந்தரமாகக் கொடுக்காதீர்கள். முதல் பந்தயத்துக்கு இருவர் முன்னிலையிலும் சீட்டுப் போடுங்கள், அடுத்ததிலிருந்து மாறி மாறி. ஒவ்வொரு என்ஜினும் ஓடிய மணி நேரத்தையும், பிஸ்டன் மாற்றிய நாளையும் ஒரே நோட்டில் எழுதி இருவர் கண்ணிலும் படும்படி வையுங்கள். முதல் இரண்டு திருப்பங்களில் சொந்த அணியைத் தாக்கக்கூடாது என்பதைப் பந்தயம் நிறுத்தப்பட்டு மறுபடி தொடங்கும் சமயத்துக்கும் சேர்த்து எழுதுங்கள். அணியின் மெக்கானிக் இருவரில் ஒருவரின் அப்பா என்றால், மற்ற பிள்ளையின் கார்ட்டில் கடைசியாக நட்டு முறுக்குவது அவராக இருக்கவேண்டாம்.